கப்பல் அறையில் நின்றுபோன சுவாச இயந்திரம்: திருகோணமலைக் கடையொன்றிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருகோணமலை நகரில் மின்சாதனக் கடை வைத்திருக்கிறேன். வயரிங் வேலையும் எடுத்துச் செய்வேன். இங்கே எழுதுவது என் வாடிக்கையாளர் ஒருவருக்குக் கப்பலில் நடந்தது. அதில் என் பிழையும் கலந்திருக்கிறது. அவரும் மனைவியும் "எழுதுங்கோ தம்பி, வேற ஆருக்கும் உதவும்" என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். ஆட்களின் பெயரோ கப்பலின் பெயரோ இதில் வராது.

அவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், வயது 68. ஊரில் எல்லாருக்கும் அவர் மாஸ்டர்தான். தூக்கத்தில் மூச்சு அடைத்து அடைத்து நின்று வருகிற நோய் அவருக்கு இருக்கிறது. நான்கு வருடமாக இரவில் முகக்கவசம் மாட்டிச் சீபாப் இயந்திரத்துடன் தூங்குகிறார். தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை மூடிவிடாமல், காற்றை ஒரே அழுத்தத்தில் ஊதிக்கொண்டிருப்பது அந்த இயந்திரத்தின் வேலை. டொரொண்டோவில் இருக்கிற மகள் அங்கே வாங்கி அனுப்பியது. ஆகவே அதன் வயர் நுனியில் இருப்பது கனடா பிளக்: இரண்டு தட்டை முள், கீழே ஒரு உருண்டை முள். வீட்டில் அதை ஒரு அடப்டரில் செருகி, அடப்டரைச் சுவரில் உள்ள 13 அம்பியர் பிளக் பேஸில் போட்டுப் பாவித்து வந்தார்.

2023 ஜூனில் சென்னையிலிருந்து ஒரு சுற்றுலாக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வந்து போனது. அதைப் பார்த்ததிலிருந்து நம் ஊரிலும் கப்பல் பயணப் பேச்சு கூடியிருக்கிறது. மாஸ்டரின் மகளும் பெற்றோரின் திருமண நாளுக்காகச் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்புகிற நான்கு இரவுப் பயணம் ஒன்றைப் பதிவு செய்தார். அவர் குடும்பம் கனடாவிலிருந்து வரும், இவர்கள் இருவரும் கொழும்பிலிருந்து விமானத்தில் போய்ச் சேருவார்கள் என்று ஏற்பாடு. பதிவை மகள் செய்ததால், உடல்நலம் பற்றிக் கப்பல்காரர் கேட்ட படிவம் மகளின் மின்னஞ்சலுக்கே போயிருந்தது. அது நிரப்பப்படாமலே இருந்தது அப்புறம்தான் தெரிய வந்தது.

கடையில் நடந்தது

புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பு இருவரும் இயந்திரத்தின் பவர் பெட்டியோடு கடைக்கு வந்தார்கள். மாஸ்டர் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, கப்பல்ல என்ன பிளக் இருக்குமோ தெரியாது. எது இருந்தாலும் இது ஓட வேணும்."

பெட்டியைத் திருப்பி அதன் அடியில் அச்சிட்டிருந்ததைப் படித்தேன். 100–240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ், 90 வாட். இப்படி எழுதியிருந்தால் உலகத்தின் எந்த வீட்டுக் கரண்டிலும் அது ஓடும். உள்ளே வருகிற வோல்ட் எதுவானாலும் இயந்திரத்துக்கு வேண்டியதைப் பெட்டியே மாற்றிக் கொடுத்துவிடும். இதைச் சரியாகப் பார்த்தேன். சொன்னதில்தான் தவறினேன்.

அவருக்கு மூன்று விஷயம் செய்தேன். எல்லா நாட்டு முள்ளும் வெளியே வருகிற, கட்டி மாதிரியான ட்ரவல் அடப்டர் ஒன்று கொடுத்தேன். மூன்று மீற்றர் வயருடன், மின்னல் பாதுகாப்பு உள்ள மல்டி பிளக் ஒன்று கொடுத்தேன். அப்புறம், "கப்பலில் 110, 220 இரண்டும் இருக்கும். நீங்கள் 220இல் போடுங்கோ, 110 பக்கம் போக வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த மல்டி பிளக்கைக் கொடுத்ததற்கு ஊர்க் காரணம் உண்டு. ஒக்டோபரில் பருவமழை தொடங்குகிற காலத்து இடி எப்படி இருக்கும் என்று திருகோணமலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு மின்னலுக்கு ஒரு தெருவின் டிவி, ரவுட்டர் எல்லாம் போன கதை என் கடைக்கு வருடாவருடம் வரும். அதனால் விலை உயர்ந்த இயந்திரம் என்றால் மின்னல் பாதுகாப்பு உள்ளதைக் கொடுப்பது எனக்குப் பழக்கம். 110 வேண்டாம் என்றதும் பழக்கத்தில் வந்த சொல்தான். கனடாவிலிருந்து வருகிற 110 வோல்ட் சாமான்களை இங்கே நேரே செருகி எரித்துவிட்டுக் கொண்டுவருகிறவர்கள் நிறைய. 110 என்று கேட்டாலே எச்சரிக்கிற வாய் எனக்கு. ஆனால் இந்தப் பெட்டிக்கு அந்த எச்சரிக்கை தேவையே இல்லை.

பிளக் கட்டிலிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று கேட்கவில்லை. கப்பலில் எதைக் கொண்டுபோக விடுவார்கள் என்றும் கேட்கவில்லை.

கப்பல் ஏறிய நாள்

சிங்கப்பூரில் பயணப் பொதிகளை எக்ஸ்ரேயில் விட்டபோது மாஸ்டரின் பெட்டியைத் தனியாக எடுத்து வைத்தார்கள். மல்டி பிளக்கையும், மாஸ்டரின் மனைவி (ஊருக்கு அவர் ரீச்சர்) தேநீருக்கென்று கொண்டுபோன சின்னக் கேத்தலையும் எடுத்துக்கொண்டு, இறங்கும்போது திருப்பித் தருவோம் என்று துண்டுச் சீட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். கேத்தல் போன காரணம் எளிதில் விளங்கும். சூடாக்குகிற எந்தச் சாமானையும் அறையில் பாவிக்கக் கூடாது, அயர்ன் உட்பட. மல்டி பிளக்கை ஏன் எடுத்தார்கள் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. "பாதுகாப்பு உள்ளது என்றுதானே தந்தார்" என்று ரீச்சர் அந்த அதிகாரியிடம் சொல்லியும் பார்த்தாராம்.

அறையில் மேசைக்கு மேலே வரிசையாகப் பிளக் பேஸ்கள் இருந்தன. இரண்டு, தட்டை முள்ளுக்கான அமெரிக்க வகை. மேலே 110 வோல்ட் என்று எழுதியிருந்தது. இரண்டு, வட்டமாக உள்ளே குழிந்த ஐரோப்பிய வகை, 220 வோல்ட். பக்கத்தில் யூஎஸ்பி துளை இரண்டு. கட்டிலின் தலைப்பக்கத்தில் வெளியே தெரிகிற மாதிரி ஒன்றும் இல்லை. மேசையோ கட்டிலின் கால்பக்கத்துக்கு எதிரே.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மாஸ்டரின் கனடா பிளக் அந்த 110 பேஸில் அடப்டர் எதுவும் இல்லாமல் நேரே போய் உட்கார்ந்திருக்கும். பெட்டியும் அந்தக் கரண்டை ஏற்கும். நான் வேண்டாம் என்று சொன்னதால் அவர் அதைத் தொடவே இல்லை.

முதல் இரவு

220 பேஸில் என் ட்ரவல் அடப்டரைப் போட்டார்கள். ஐரோப்பிய வட்டப் பேஸ் சுவருக்குள் ஏறக்குறைய ஒன்றே முக்கால் சென்றிமீற்றர் குழிந்திருக்கும். அந்தக் குழிக்குள் போகிற உருண்டை உடம்பு கொண்ட பிளக்தான் அதில் முழுதாக இறங்கும். நான் கொடுத்த அடப்டர் சதுரக் கட்டி. விளிம்பில் முட்டி நின்றுவிட்டது. முள்ளின் நுனி மட்டும் உள்ளே தொட்டது. விளக்கு எரிந்ததால் சரி என்று விட்டுவிட்டார்கள்.

மல்டி பிளக் இல்லாததால் வயர் தலைப்பக்கத்துக்கு எட்டவில்லை. மாஸ்டர் தலையணையைக் கால்பக்கம் மாற்றிப் போட்டுத் தலைகீழாகப் படுத்தார். இயந்திரத்தை மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியில் வைத்தார். பவர் பெட்டிக்கு வைக்க இடமில்லாமல் அது வயரிலேயே மேசை விளிம்பில் தொங்கியது. கையில் எடுத்தால் கனம் தெரிகிற பெட்டி அது. ஏற்கெனவே அரைகுறையாக நிற்கிற அடப்டரை இரவு முழுக்க அது கீழே இழுத்துக்கொண்டிருந்தது. ஓடுகிற கப்பலில் மேசை, சுவர் எல்லாவற்றிலும் ஒரு மெல்லிய அதிர்வு ஓயாமல் இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதிகாலை இரண்டு மணியளவில் ரீச்சருக்கு விழிப்பு வந்தது. நான்கு வருடமாகக் கேட்டுப் பழகிய காற்றுச் சத்தம் இல்லை. பழைய குறட்டை. குறட்டை நின்று, ஒரு நீண்ட அமைதி, அப்புறம் திணறி ஒரு மூச்சு. விளக்கைப் போட்டுப் பார்த்தால் இயந்திரத்தின் திரை இருண்டு கிடக்கிறது, அடப்டர் பேஸிலிருந்து கழன்று ஒரு முள்ளில் சரிந்து நிற்கிறது. திருப்பிச் செருகினார். இருபது நிமிடத்தில் மறுபடி கழன்றது. மூன்றாவது தடவை செருகும்போது உள்ளே சடசடவென்று ஒரு சத்தமும் நீலப் பொறியும் வந்ததாகச் சொன்னார். அத்தோடு அதைக் கழற்றி வைத்துவிட்டு, கணவரை ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தானும் விடியும் வரை உட்கார்ந்திருந்தார். 64 வயது அவருக்கு.

காலையில் மாஸ்டருக்கு நெற்றியைப் பிளக்கிற தலைவலி. பினாங்கில் எல்லாரும் இறங்கினார்கள். இவர்கள் இருவரும் அறையிலேயே இருந்துவிட்டார்கள்.

இரண்டாம் நாள்: எடுத்த முடிவுகள்

காலையில் மகள் வாட்ஸ்அப்பில் எனக்குப் படங்கள் அனுப்பினார். மேசை, நான்கு பேஸ், அடப்டர். அடப்டரின் ஒரு முள்ளில் நுனியில் மட்டும் கறுப்பு ஏறியிருந்தது. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் என் பிழை முழுதாக எனக்கு உறைத்தது.

முதல் முடிவு, அந்த அடப்டரை இனித் தொடக் கூடாது. நுனியில் மட்டும் தொட்டு நிற்கிற முள்ளில் பொறி பறந்தால் அந்த இடம் சூடாகும்; சூடானால் தொடுகை இன்னும் மோசமாகும்.

இரண்டாவது, கனடா பிளக்கை நேரே 110இல் போட வேண்டும். மாஸ்டர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்கள்தானே வேண்டாம் எண்டீங்கள்?" என்று கேட்டார், நியாயம்தான். பெட்டியின் அடிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, 100–240 என்ற இடத்தை வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினேன். கணித ஆசிரியர் இல்லையா, கணக்காகவும் சொன்னேன்: 90 வாட்டை 230ஆல் பிரித்தால் 0.4 அம்பியர், 110ஆல் பிரித்தால் 0.8 அம்பியர். இரண்டும் அந்த வயருக்குச் சின்னச் சுமை. ரீச்சரின் கேத்தல் மாதிரி வெறும் சூடாக்கும் கம்பி உள்ள சாமான் என்றால் கதை வேறு. 230 வோல்ட்டுக்குச் செய்த 1,500 வாட் கேத்தலை 110இல் போட்டால் நாலில் ஒரு பங்கு கூட வராது, ஏறக்குறைய 340 வாட்தான். மறுவளமாக 110க்குச் செய்ததை 220இல் போட்டால் நான்கு மடங்கு ஏறி எரிந்துவிடும். பவர் பெட்டியை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இதைக் கேட்டதும் அவர் சரி என்றார்.

மூன்றாவது, விருந்தினர் சேவை மேசைக்குப் போய் மருத்துவ இயந்திரம் என்று சொல்லிக் கப்பலின் சொந்த வயர் கோட் (நீட்டிப்பு வயர்) கேட்பது. மகள் போய்க் கேட்டார். அரை மணித்தியாலத்தில் ஒற்றைத் துளையுள்ள, தடித்த வயர் கோட் ஒன்று அறைக்கு வந்தது. கூடவே ஈரப்பதத் தொட்டிக்கு வடித்த நீர் ஒரு போத்தலும். இது இரண்டும் கேட்டால் கிடைக்கும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அறையைச் சுத்தம் செய்கிற தம்பி இன்னும் ஒன்று காட்டினார்: கட்டிலின் தலைப்பலகைக்குப் பின்னால், மெத்தையைச் சற்றுத் தள்ளினால் தெரிகிற ஒரு பேஸ். அதுவும் அமெரிக்க வகைதான். முதல் நாளே கேட்டிருந்தால் வயர் கோட்டே வேண்டியிருக்காது.

மல்டி பிளக்கை ஏன் எடுத்தார்கள்

அன்று எனக்கு உள்ளூரக் கோபம். பாதுகாப்பு உள்ள சாமானை எடுத்துவிட்டு ஒரு நோயாளியை இப்படி விட்டார்களே என்று. சரக்குக் கப்பல்களில் பல வருடம் இலெக்ட்ரிக்கல் ஒபிசராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் நம் ஊரில் இருக்கிறார். அவர் கடைக்கு வந்தபோது கேட்டேன். அவர் பில் புத்தகத்தின் பின்புறத்தில் இரண்டு கோடு கீறினார்.

நம் வீட்டுக்கு வருகிற இரண்டு கம்பியில் ஒன்று லைவ், கரண்டைக் கொண்டுவருவது; மற்றது நியூட்ரல், கரண்ட் திரும்பிப் போவது. நியூட்ரலை ட்ரான்ஸ்போமர் பக்கத்தில் எர்த் செய்திருப்பார்கள், அதாவது நிலத்தோடு இணைத்திருப்பார்கள். அதனால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்ட் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. லைவ் எங்காவது எர்த்தைத் தொட்டால் ட்ரிப் சுவிட்ச் விழுந்துவிடும். பெரும்பாலான கப்பல்களில் அப்படி இல்லை. எந்தக் கம்பியையும் கப்பலின் உடம்போடு இணைப்பதில்லை. ஆகவே இரண்டுமே லைவ் மாதிரித்தான். ஏன் இப்படி என்றால், நடுக்கடலில் ஒரு கம்பி எங்கோ உரசியது என்பதற்காகச் சுக்கான் மோட்டருக்கும் பம்புக்கும் கரண்ட் நின்றுவிடக் கூடாது. ஒரு இடத்தில் எர்த் பிழை வந்தாலும் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும், இயந்திர அறையில் மணி அடிக்கும், ஆள் தேடிப் போய்த் திருத்துவார்.

இதைக் கேட்ட பிறகு, விற்காமல் கிடந்த அதே வகை மல்டி பிளக் ஒன்றைத் திறந்தேன். உள்ளே ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் மூன்று நீலத் தட்டுகள். வேரிஸ்டர்கள். ஒன்று லைவுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே, ஒன்று லைவுக்கும் எர்த்துக்கும் நடுவே, மூன்றாவது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே. வோல்ட் அளவுக்கு மீறி ஏறினால் அதைக் கடத்திவிட்டுச் சாமானைக் காப்பது இவற்றின் வேலை. வீட்டில் அந்த மூன்றாவது தட்டு சும்மா இருக்கும். கப்பலிலோ, வேறு எங்கோ ஒரு அறையில் ஒரு கம்பிக்கு எர்த் பிழை வந்தாலே போதும். மற்றக் கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே முழு வோல்ட்டும் வந்து நிற்கும், அந்தத் தட்டின் மேலும் வரலாம். விட்டுவிட்டு உரசுகிற பிழை என்றால் அதற்கும் மேலே ஏறும். தட்டு சூடாகி நலிந்து, ஒரு கட்டத்தில் தானே கடத்தத் தொடங்கினால் தீதான். அப்போது மல்டி பிளக்கின் சுவிட்சோ பிளக் டொப்பில் உள்ள பியூஸோ காப்பாற்றாது. அவை இருப்பது ஒரே கம்பியில். ஒன்றை வெட்டினாலும் மற்றது உயிரோடு இருக்கும்.

அமெரிக்கக் கரையோரக் காவல்படை 2013இலேயே கப்பல்களில் இந்த வகை மல்டி பிளக்குகள் பற்றிப் பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது என்றும் அவர் சொன்னார். நான் மின்சார வேலைக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல். இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்த அதிகாரி சிங்கப்பூரில் செய்தது சரி.

மிச்ச நாட்களும் திரும்பிய பிறகும்

அடுத்த மூன்று இரவும் இயந்திரம் ஒரு தடவையும் நிற்கவில்லை. அதன் பதிவிலும் அப்படித்தான் இருந்தது: முதல் இரவு இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று மேல், மற்ற இரவுகள் ஏழு மணித்தியாலத்துக்குக் குறையவில்லை. புக்கெட்டில் மாஸ்டர் இறங்கி நடந்தார். ரீச்சரின் களைப்பு மட்டும் பயணம் முடியும் வரை தீரவில்லை.

திரும்பி வந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கப்பல் கதையைக் கேட்டதிலிருந்து வீட்டு அடப்டர் மனதில் உறுத்திக்கொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தேன். கனடா பிளக்கின் முள் உட்காரும் துளையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பு நிறத்துக்கு மாறி, விரலால் தொட்டால் சொரசொரத்தது. உள்ளே பித்தளை நாக்கு தளர்ந்திருந்தது. நான்கு வருடமாக ஒவ்வோர் இரவும் அவர் தலைமாட்டில் இருந்த சாமான்.

அதற்கு மருந்து ஒரு சின்ன வயர். பவர் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே உள்ள வயர் கழற்றி மாட்டக்கூடியது, லப்டொப் சார்ஜர் வயர் போல. 13 அம்பியர் பிளக் டொப் வார்த்து வருகிற வயரை, மூன்று அம்பியர் பியூஸுடன், மாட்டிக் கொடுத்தேன். கனடா வயரைச் சுருட்டிப் பயணப் பையில் போட்டேன். வீட்டுக்கு ஒன்று, கப்பலுக்கு ஒன்று. அடப்டர் இரண்டு இடத்திலும் வேண்டாம். முதல் நாள் கடையில் இதைச் செய்ய எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

இப்போது மாற்றியிருப்பவை

கப்பலுக்குப் போகிறோம் என்று யார் வந்தாலும் இப்போது சாமானை எடுத்து வைப்பதற்கு முதல் கேட்கிறேன். எந்த மருத்துவ இயந்திரமாவது இருக்கிறதா? இருந்தால் கப்பல்காரரின் படிவத்தில் எழுதியாயிற்றா, வயர் கோட்டும் வடித்த நீரும் கட்டிலுக்குப் பக்கத்துப் பேஸும் வேண்டும் என்று எழுத்தில் கேட்டாயிற்றா? பதிவு பிள்ளைகளின் பெயரில் நடந்திருந்தால் அந்த மின்னஞ்சலை அவர்களிடம் கேட்டு வாங்கச் சொல்கிறேன். நம் ஆட்களிடம் இதுதான் பெரிய ஓட்டை. பணம் கட்டுவது வெளிநாட்டில், நோய் இருப்பது இங்கே.

மின்னல் பாதுகாப்பு உள்ள எதையும் கப்பலுக்குக் கொடுப்பதில்லை. பாதுகாப்பு இல்லாத மல்டி பிளக்கையும் தடுக்கிற கம்பனிகள் இருப்பதால் அதையும் கொடுப்பதில்லை. போனுக்கு ஒரு பல துளை யூஎஸ்பி சார்ஜர் போதும். அதையும் கப்பல்காரரின் தடைப் பட்டியலைப் பார்த்த பிறகே எடுத்துப் போகச் சொல்கிறேன். ஐரோப்பியப் பேஸ் மட்டும் உள்ள அறை என்றால், குழிக்குள் இறங்குகிற உருண்டை உடம்பு அடப்டர்தான். கடையில் ஒரு ஐரோப்பியப் பேஸைப் பலகையில் பொருத்தி வைத்திருக்கிறேன். வாங்குகிறவர் அதில் போட்டு, கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்கிறார்.

110 பற்றி வாய்ப்பாடு போலச் சொல்வதை நிறுத்திவிட்டேன். சாமானைத் திருப்பி அதன் அடியில் எழுதியிருப்பதை வாடிக்கையாளரையே வாசிக்க வைக்கிறேன்.

மாஸ்டரின் மல்டி பிளக்கை இறங்கும்போது திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அது இப்போது அவர் வீட்டு விறாந்தையில் டிவிக்கும் ரவுட்டருக்கும் போட்டிருக்கிறது. வயரில் கப்பல்காரர் கட்டிய மஞ்சள் அட்டை இன்னும் தொங்குகிறது. போன ஒக்டோபரில் அவர்கள் தெருவில் இடி விழுந்த இரவு பக்கத்து வீட்டு ரவுட்டர் போயிற்று, இவர்களுடையது தப்பியது. ஒருமுறை அடி வாங்கிய தட்டுகளை நம்பி விடக் கூடாது என்பதால் அடுத்த நாளே போய் மாற்றிக் கொடுத்தேன். அட்டையை ரீச்சர் கழற்றி எடுத்துப் புதியதில் கட்டிவிட்டார்.